பின்னுக்குப் போகாத ஜீப்

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்து ஜீப் டிரைவர் கந்தப்பனுக்கு மீசை பெரியது, வாய் அதைவிடப் பெரியது. பெரிய துரையில் தொடங்கி ஹாலி-எல சந்தியில் வெற்றிலை விற்கிறவர் வரைக்கும் யாரைப் பற்றிக் கேட்டாலும் அவனிடம் ஒரு கதை இருக்கும். ஆனால் மருத்துவச்சி அங்கம்மா எதிரே வந்துவிட்டால் அந்த மீசையும் வாயும் ஒரே நேரத்தில் தொங்கிப்போகும். தோட்டத்தில் இது ஊரறிந்த விஷயம். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பொடியன்கள் ஜீப்புக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு அங்கம்மாவின் குரலில் "அடே கந்தப்பா" என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், அவன் உதட்டிலிருந்த பீடி தானாகவே கீழே குதித்துவிடும்.

உலக யுத்த காலத்தில் தியத்தலாவைப் பட்டாள முகாமுக்கு லொறி கழுவவும் டயர் கழற்றவும் போனவன் கந்தப்பன். பொழுது போகாத ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் அவனை ஆசனத்தில் ஏற்றி வைத்து லொறி ஓட்டப் பழக்கினான். யுத்தம் முடிந்தது, சிப்பாய் கப்பலேறினான், கந்தப்பன் தோட்டத்துக்குத் திரும்பி மண்வெட்டி பிடித்தான். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம், கடல் தாண்டிப் பிழைக்க வந்தவர்கள் என்று தோட்டத்துச் சனங்களுக்குப் பிரஜாவுரிமை போயிற்று. அதற்கு அடுத்த வருடம் தோட்டத்துக்கு ஜீப் வந்தது.

"போனது நம்ம கையில இல்ல," என்பான் கந்தப்பன். "வந்ததோட ஸ்டேரிங்காவது நம்ம கையில இருக்கே."

அது பட்டாளம் கழித்துவிட்ட பழைய ஜீப். கதவு கிடையாது, மேலே கித்தான் கூரை, பக்கவாட்டில் யாரோ கத்தியால் கீறிய ஒரு பெண்ணின் பெயர். துரை மலையைச் சுற்றிப் பார்க்க வாங்கியது. அதைத் துடைப்பதற்கென்று கந்தப்பன் தன் மனைவி கருப்பம்மாவின் சேலை ஒன்றைக் கிழித்து எடுத்து வைத்திருந்தான். பழைய சேலை என்று அவன் சொன்னான். கருப்பம்மா அப்படிச் சொல்லவில்லை.

தோட்டத்தின் மேல்பிரிவை மேல்கணக்கு என்பார்கள். அது நமுனுக்குலை மலையின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து கீழே வர முதலில் சேற்றுப் பாதை, அப்புறம் கருங்கல் பதித்த செங்குத்து இறக்கம், அதற்குக் கீழே ஒரு சின்னப் பாலம். பாலத்தைத் தாண்டினால்தான் பதுளைக்குப் போகிற தார் ரோட்டு. ஜீப் வருவதற்கு முன்னால், மேல்கணக்கில் ஒருத்திக்குப் பிரசவம் சிக்கலானால் கம்பளியில் தூளி கட்டி, கம்பில் மாட்டி, நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். சிலர் கைக்குழந்தையோடு திரும்பி வந்தார்கள். சில நேரம் கம்பளி மட்டும் திரும்பி வரும். அந்தக் கம்பளியை அதற்குப் பிறகு யாரும் போர்த்துவதில்லை.

வாலிபத்தில் கந்தப்பனும் ஒருமுறை தூளிக் கம்புக்குத் தோள் கொடுத்திருக்கிறான். கல் இறக்கத்தின் பாதியில் தூளிக்குள்ளே முனகல் நின்றது. நின்றதை முதலில் கவனித்தவன் அவன்தான். யாரிடமும் சொல்லாமல், இன்னும் வேகமாக நடந்தான். ஊர்க் கதையெல்லாம் பேசுகிற வாய் இந்தக் கதையை மட்டும் பேசியதில்லை.

அதனால்தான் ஜீப் வந்ததும் துரையின் பங்களாப் படிக்குக் கீழே தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு அத்தனை நாள் நின்றான். கடைசியில் துரை, தனக்கு வேலையில்லாத நேரத்தில் பிள்ளைத்தாச்சிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகலாம் என்று தலையசைத்தார். கந்தப்பன் மீசையை முறுக்கிக்கொண்டு மேல்கணக்குக்குப் போய்ச் சேதி சொன்னான்.

அங்கம்மா கைகளை இடுப்பில் ஊன்றிக்கொண்டு ஜீப்பைச் சுற்றி வந்தாள். மாட்டுச் சந்தையில் பல் பார்க்கிறவளைப் போலக் குனிந்து சக்கரங்களைப் பார்த்தாள்.

"ஏத்திக்கிட்டுப் போ. ஆனா ஒண்ணு. புள்ளத்தாச்சி ஏறுன வண்டி பின்னுக்குப் போகக் கூடாது."

"கொஞ்சங்கூடவாக்கா?"

"ஒரு சாண் கூட. வண்டி பின்னுக்குப் போனா வயித்துல புள்ள திரும்பிக்கும். தல மேல போயிரும்."

"வண்டியத் திருப்பணுமேக்கா."

"மாரியம்மன் கோயிலச் சுத்தித் திருப்பு. சாமியக் கும்புட்ட மாதிரியும் இருக்கும்."

அன்றிலிருந்து பிள்ளைத்தாச்சியை ஏற்றப் போனால் கந்தப்பன் கோயிலை வலம் வந்து, ஜீப்பின் மூக்கைக் கீழ்ப்பக்கம் பார்க்க வைத்து, அதன் பிறகுதான் ஏற்றுவான். எதிரே லொறி வந்தால் அந்த லொறிதான் பின்னுக்குப் போக வேண்டும். போகாத லொறிக்காரனிடம் அங்கம்மா இறங்கிப் பேசுவாள். அப்புறம் அவன் போவான்.

இப்படி நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த ஜீப்புக்குத்தான் ஒரு வியாதி வந்தது.

சாதாரண ரோட்டில் ஜீப்பைத் தள்ளுவது பின்சக்கரங்கள் இரண்டும்தான். முன்சக்கரங்கள் கூடவே சும்மா உருண்டு வரும். சேற்றிலும் செங்குத்திலும் அது போதாது. கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கம்பியை மாற்றிப்போட்டால் முன்சக்கரங்களுக்கும் எஞ்சினின் இழுவை போய்ச் சேரும், நாலும் சேர்ந்து வேலை செய்யும். கந்தப்பன் மேல்கணக்கில் அந்தக் கம்பியைப் போட்டானென்றால், சேறும் கல் இறக்கமும் முடிந்து பாலத்தடிக்கு வந்துதான் விடுவிப்பான். தார் ரோட்டில் நாலு சக்கரத்து இழுவை கூடாது.

ஒருநாள் பாலத்தடியில் சின்னக் கம்பியை இழுத்தான். அது வரவில்லை. சிமெந்தில் நட்ட மாதிரி நின்றது. பின்னால் பிரசவ வலியோடு மாரிசாமியின் மனைவி. அப்படியே தார் ரோட்டில் விட்டான். ஸ்டேரிங் அம்மிக்கல்லாய்க் கனத்தது. டயர்கள் ரோட்டில் தேய்ந்து அழுதன. இரண்டாவது வளைவில் அடியிலே 'டங்' என்றது. முன்சக்கரங்களைச் சுழற்றுகிற சாப்ட் தண்டின் மூட்டு உடைந்து, ஜீப் நின்றுவிட்டது. கொழுந்து லொறி ஒன்று வரும்வரை அந்தப் பெண் மதகின் மேல் உட்கார்ந்து அங்கம்மாவின் தோளைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் அதே இடத்தில் கம்பி இறுகியது. இந்தத் தடவை ஸ்டேரிங் திரும்ப மறுத்து, ஜீப் நேரே போய் மண்மேட்டில் முட்டியது. பிள்ளைத்தாச்சிக்கு ஒன்றுமில்லை. அங்கம்மாவின் நெற்றி எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்தது. வீக்கம் வற்றிய பிறகும் கந்தப்பனைக் கண்டால் அவள் அந்த இடத்தைத் தடவிக்கொள்வாள்.

இதில் வினோதம் என்னவென்றால், அதே பாதையில் அதே ஜீப் அரிசி மூட்டை ஏற்றியது, உரம் ஏற்றியது, துரையை ஏற்றியது, துரையின் நாயைக்கூட ஏற்றியது. ஒருமுறையும் கம்பி இறுகவில்லை. பிள்ளைத்தாச்சி ஏறினால் மட்டும் இறுகியது.

"ஜீப்புக்குப் புள்ளத்தாச்சி ஆகாது," என்று லயம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. யுத்தத்தில் கல்யாணமாகாத ஒரு சிப்பாய் அதில் செத்திருக்கிறான், அவனுக்குப் பொறாமை என்று ஒரு கட்சி. பக்கவாட்டில் பெயர் கீறியிருக்கிற பெண்தான் காரணம் என்று இன்னொரு கட்சி. கருப்பம்மா எஞ்சின் மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே சாம்பிராணி காட்டினாள். ஜீப் அன்று முழுக்கத் தும்மிக்கொண்டே ஓடியது.

பெரிய கிளாக்கர் கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர். கந்தப்பனை ஒபிசுக்குக் கூப்பிட்டார்.

"கந்தப்பன், துரை என்ன சொன்னவர் எண்டு தெரியுமோ?"

"சொன்னாத்தானுங்க தெரியும்."

"உந்தப் பகிடியை விடு. இன்னொருக்கா உந்த ஜீப் வழியிலை நிண்டால், பிள்ளைப்பெறுவுக்கு விடுறதை அடியோடை நிப்பாட்டட்டாம். முந்தித் தூளியிலைதானே கொண்டுபோனவை எண்டு கேக்கிறார்."

"தொரை தூளியப் பாத்திருக்காருங்களா ஐயா?"

கனகசபை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க நேரமெடுத்தது.

"நான் பாத்திருக்கிறன்," என்றார். "அதாலைதான் சொல்லுறன். கெதியாத் திருத்திக்கொண்டு வா."

பதுளையில் வாஹித் பாஸின் கராஜ் ஒரு சந்துக்குள் இருந்தது. உள்ளே திருப்ப இடமில்லை, வண்டியின் மூக்கு ரோட்டைப் பார்த்திருக்க வேண்டும் என்பதால் எந்த வண்டியும் சந்துக்குள் பின்னுக்குத்தான் போக முடியும். கந்தப்பன் ஏற்கெனவே இரண்டு தடவை அங்கே வந்தாயிற்று. முதல் தடவை வாஹித் உடைந்த மூட்டை மாற்றினார். இரண்டாம் தடவை கியர்ப்பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே கம்பி கவ்வுகிற முள்ளைப் பார்த்தார், பற்களைத் தடவினார், எண்ணெயை விரலில் தேய்த்து மோந்தும் பார்த்தார். கம்பியை முன்னும் பின்னும் ஆட்டினார். அது வெண்ணெயில் விட்ட கரண்டி போலப் போய் வந்தது.

"வண்டிக்கு ஒரு நோயுமில்ல. நோய் ஒங்கட கையிலதான் ஈக்கிது," என்றார் வாஹித்.

"இங்க வந்தா நல்ல புள்ளையா இருக்கு பாஸ். அங்க போனா அடம் புடிக்குது."

"எங்கட வீட்டுப் பொடியனும் அப்பிடித்தான். பள்ளிக்கொடத்துல காய்ச்சல், ஊட்டுக்கு வந்தா சொகம்."

கந்தப்பன் சிரிக்கவில்லை. திரும்புகிற வழியெல்லாம் யோசித்தான். பிள்ளைத்தாச்சி ஏறும்போது ஜீப்பில் என்ன மாறுகிறது? பாரம் மாறுகிறது. பின்னால் மெத்தை வருகிறது. வேகம் குறைகிறது. அங்கம்மாவின் வாய் வருகிறது. இதில் எது கம்பியைப் பிடிக்கிறது?

மறுநாள் காலை மேல்கணக்கு பார்க்கப் பார்க்க, கந்தப்பன் ஓர் அரிசி மூட்டையை ஜீப்பின் பின்னால் மெத்தை போட்டுப் படுக்கவைத்தான். மேலே கம்பளி போர்த்தினான். கோயிலை வலம் வந்தான். மலையூற்றுப் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை நிறையவிட்டுப் பார்த்தார்கள்.

"மூட்டைக்கு எத்தன மாசம் அண்ணே?" என்றாள் ஒருத்தி.

"தகப்பன் யாருன்னு கேளுடி," என்றாள் அடுத்தவள்.

"வேற யாரு, மீசையப் பாத்தாத் தெரியலியா?"

கந்தப்பன் மீசையை முறுக்கிவிட்டு ஜீப்பைக் கிளப்பினான். பிள்ளைத்தாச்சியைக் கொண்டுபோவது போலவே மெல்ல மெல்ல இறக்கினான். எதிரே வந்த உர லொறியைக் கெஞ்சிக் கூத்தாடிப் பின்னுக்குப் போகவைத்தான். பள்ளத்தில் அரிசி மூட்டை உருண்டபோது "கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்றுகூடச் சொல்லிவிட்டு, யாரும் கேட்டார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தான். பாலத்தடிக்கு வந்தான். சின்னக் கம்பியை இழுத்தான்.

வரவில்லை.

கந்தப்பனுக்கு வந்த சந்தோஷத்தில் ஜீப்பை விட்டு இறங்கி மூட்டைக்கு ஒரு சலாம் வைத்தான். செத்த சிப்பாய் குற்றமற்றவன். பெயர் கீறிய பெண்ணும் குற்றமற்றவள். பிள்ளைத்தாச்சிகளும்தான். ஓட்டுகிற விதத்தில்தான் ஏதோ இருக்கிறது.

இறுகிய கம்பியோடு நத்தையாக ஊர்ந்து பதுளைக்குப் போய்ச் சேர்ந்தான். சந்து வாசலில் வழக்கம்போலப் பின்னுக்கு எடுக்கக் கை போனது. சட்டென்று நிறுத்தினான். இந்தச் சந்துக்குள் போனதும்தானே இது ஒவ்வொரு தடவையும் நல்ல பிள்ளையாகிவிடுகிறது.

"பாஸ், வெளிய வாங்க. உள்ள வந்தா இது நடிக்கும். இங்கயே வச்சுப் பாருங்க."

"நடுரோட்டிலயா? பொலிஸ்காரன் வந்தா ஒங்கட மீசையக் காட்டுறதா?" என்று திட்டிக்கொண்டே வாஹித் வந்தார். கம்பியை இழுத்துப் பார்த்தார். இரண்டு கையாலும் இழுத்தார். அவர் முகத்தில் முதல் தடவையாகக் கந்தப்பன் மேல் மரியாதை தெரிந்தது. குனிந்து நாலு டயரையும் பார்த்தார். வண்டி தூக்குகிற ஜக்கைக் கொண்டுவந்து முன்சக்கரம் ஒன்றின் அடியில் வைத்துத் தூக்கினார்.

சக்கரம் தரையை விட்டதும், யாரும் தொடாமலே, 'விர்ர்' என்று தானாகப் பாதிச் சுற்றுச் சுற்றி நின்றது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர் ஒருவர் செருப்பை விட்டுவிட்டுத் துள்ளினார். சின்னக் கம்பி ஆடுகிற பல் போலத் தளர்ந்து கிடந்தது.

வாஹித் ரோட்டிலேயே குந்திக்கொண்டு சிரித்தார். பிறகு சணல் கயிற்றால் முன்டயரின் சுற்றை அளந்தார், பின்டயரின் சுற்றை அளந்தார். முன்டயர்கள் புதிது, சுற்று பெரிது. பின்டயர்கள் மொட்டை, சுற்று சிறிது.

"கந்தப்பன், இடுப்புல கட்டுற ஈரச் சாரத்த ரெண்டு பேர் புடிச்சுப் பிழியிறதப் பாத்தீக்கிறீங்களா? ஒராள் மெல்லத் திருப்புறார், மத்தாள் கெதியாத் திருப்புறார். நடுவுல சாரம் முறுகும். சின்னக் கம்பியப் போட்டா முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் ஒண்டாக் கட்டின மாதிரி. பெரிய டயர் மெல்லச் சுத்தும், சின்ன டயர் கெதியாச் சுத்தும். சேத்துல வழுக்கி வழுக்கி முறுக்குப் போயிரும். கல்லுல வழுக்க ஏலாதே. முறுகி முறுகிக் கம்பியக் கவ்விப் புடிக்கும்."

"நாலும் ஒரே மாதிரி டயரு போட்டா?"

"கொறையும். ஆனா வளைவுல முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரம் போறல்ல, அதால கொஞ்சம் முறுகத்தான் செய்யும். அதுக்கென்ன, கொஞ்சம் பின்னுக்கு எடுத்தா அவிழ்ந்திரும். பிழிஞ்ச சாரத்த மறுபக்கம் திருப்புற மாதிரி. ஸ்டோருக்கு அரிசி எறக்கப் பின்னுக்குப் போறீங்கதானே, அப்பெல்லாம் தானா அவிழ்ந்தீக்கும்." வாஹித் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அப்ப மத்த நேரம் நீங்க வண்டியப் பின்னுக்கே எடுக்கிறல்லயா? ஏன்?"

கந்தப்பன் மீசையைத் தடவினான். மீசை தொங்கியது.

"அது ஒரு பெரிய எடத்து உத்தரவு பாஸ்," என்றான்.

புது டயர் அடுத்த வருடம்தான் என்று கனகசபை கையை விரித்துவிட்டார். மிச்சமிருந்தது ஒரே வழி. மூன்று நாள் யோசித்து, கருப்பம்மாவிடம் ஒத்திகை பார்த்து, கந்தப்பன் அங்கம்மாவிடம் போனான். அவள் பீலியடியில் பானை துலக்கிக்கொண்டிருந்தாள். பிழிகிற சாரத்தை அவள் முந்தானையிலேயே பிழிந்து காட்டினான். அவள் முழுவதும் கேட்டாள்.

"ரொம்ப நல்லாச் சொன்ன. இப்ப முந்தானிய விடு."

"கொஞ்சூண்டுதாங்க்கா. ஜீப்பு நீளம் போனாப் போதும்."

"முடியாது."

"இன்னொரு வாட்டி நின்னுச்சுன்னா ஜீப்ப நிறுத்திருவாங்க. மறுபடி தூளிதான்."

அங்கம்மா பானையைக் கவிழ்த்துவைத்தாள். சாம்பல் கையோடு அப்படியே நின்றாள்.

"எனக்கும் ஒண்ணு பொறக்க இருந்துச்சு. தெரியுமா ஒனக்கு? மாட்டு வண்டியில கொண்டு போனாங்க. ஹாலி-எலைக்கு இந்தப் பக்கம் தொரை காரு வந்துச்சு. காருக்கு வழி விடணும்னு மாட்ட அவுத்து, வண்டியப் பின்னுக்குத் தள்ளுனாங்க. ரொம்பத் தூரம். அதுக்கு முந்தி நானே தடவிப் பாத்தேன்டா, தல கீழதான் இருந்துச்சு. அப்புறம் கால்தான் மொதல்ல வந்துச்சு."

கந்தப்பன் தரையைப் பார்த்தான்.

"அந்தக் காரு கொஞ்சம் ஒதுங்கியிருந்தா?" என்றான் மெல்ல.

"காரு எங்கடா ஒதுங்கும்," என்றாள் அங்கம்மா. பானையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குமேல் அவளிடம் பேச அவனுக்கு வாய் வரவில்லை. பயத்தினால் அல்ல.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு விடியற்காலை மேல்கணக்கிலிருந்து ஆள் ஓடி வந்தான். ரெங்கசாமியின் மகள் பாக்கியலெட்சுமிக்குத் தலைப்பிரசவம், வலி எடுத்து நேரமாகிறது, அங்கம்மாவே ஆஸ்பத்திரிக்குத்தான் என்று சொல்லிவிட்டாளாம்.

கந்தப்பன் சின்னக் கம்பியைப் போட்டு, சேற்றைக் கிழித்துக்கொண்டு ஏறினான். கோயிலை வலம் வந்தான். பாக்கியத்தைப் பின்னால் மெத்தையில் முன்பக்கம் பார்க்க உட்காரவைத்து, அங்கம்மா அவளைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டாள். மழை கித்தான் கூரையைப் பறையாக அடித்தது. கல் இறக்கத்தில் ஓடை ஓடியது. பாலத்தடிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்திக் கந்தப்பன் கம்பியை இழுத்தான். இரண்டு கையாலும் இழுத்தான். காலை ஊன்றி இழுத்தான்.

பின்னால் திரும்பி அங்கம்மாவைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜக்கு போட்டுத் தூக்கு," என்றாள்.

"சரிவுக்கா. கல்லெல்லாம் பாசி. ஜக்கு வழுக்குனா ஜீப்பு நம்மள ஏத்திக்கிட்டு ஆத்துக்குப் போயிரும்."

"இப்படியே ஓட்டு."

"தார் ரோட்டு ஈரத்துல ஊர்ந்து போனாக்கூட ஸ்டேரிங் திரும்பாதுக்கா. அன்னிக்கி மேடு இருந்துச்சு, முட்டுனோம். அடுத்த வளைவுல மேடு இல்ல."

"எறக்கி வச்சுட்டு..." என்று தொடங்கிய அங்கம்மா பாக்கியத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நிற்கிற நிலையில் அவள் இல்லை.

"ஏன் நின்னுருச்சு?" என்றாள் பாக்கியம் பல்லைக் கடித்துக்கொண்டு.

கந்தப்பன் கம்பியை இன்னொரு தடவை உலுக்கினான்.

"முன்னாடியோ பின்னாடியோ, எங்கயாச்சும் போங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மழை கொட்டியது. அங்கம்மா பாக்கியத்தின் வயிற்றில் கையை வைத்தபடி ஜீப்பின் பின்புறம் தெரிந்த மலையைப் பார்த்தாள். அப்புறம் முன்னால் பாலத்தைப் பார்த்தாள். மறுபடி மலையைப் பார்த்தாள்.

"கந்தப்பா, இவளத் திருப்புடா."

"என்னக்கா?"

"மூஞ்சி மலையப் பாக்க உக்கார வையி. நானும் திரும்பிக்கிறேன்."

"எதுக்குக்கா?"

"அவ மூஞ்சி பாக்குற பக்கம்தான் அவளுக்கு முன்னாடி. வண்டி அந்தப் பக்கம் போனா அவ முன்னாடிதானே போறா. ஜீப்பு எந்தப் பக்கம் போகுதுன்னு ஜீப்பு கவலப்படட்டும்."

கந்தப்பன் வாயைப் பிளந்தான். மழைநீர் மீசை வழியாக உள்ளே போயிற்று. ஒரு குதி குதித்துப் பின்னால் வந்தான். இரண்டு பேருமாகப் பாக்கியத்தைத் தூக்கித் திருப்பினார்கள்.

"ரொட்டி மாதிரி என்னையப் பொரட்டாதீங்க," என்று அழுதாள் அவள்.

"வெந்துட்டா எடுத்துருவோம், இரு," என்றாள் அங்கம்மா. அவள் குரல் நடுங்கியதைக் கந்தப்பன் கேட்டான். கேட்காத மாதிரி ஆசனத்தில் போய் உட்கார்ந்தான்.

பின் கியரைப் போட்டான். ஜீப் முனகிக்கொண்டு சரிவில் பின்னுக்கு ஏறியது. ஸ்டேரிங்கை இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் அசைத்தான். ஜீப் நீளம் போயிற்று. ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். முதுகுக்குப் பின்னால் அங்கம்மா மாரியம்மனின் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாள், வேண்டுவது போலில்லை, மிரட்டுவது போல. அப்போது அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். கந்தப்பன் சின்னக் கம்பியைத் தொட்டான். இரண்டு விரலுக்கே வந்தது.

"வந்துருச்சுக்கா."

"கொஞ்சம் இரு."

அங்கம்மா பாக்கியத்தின் வயிற்றை மேலிருந்து கீழே தடவினாள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே. கந்தப்பன் எஞ்சின் சத்தத்தைக் குறைத்தான், அதனால் ஏதோ உதவி போல. நேரம் போயிற்று.

"தல கீழதான் இருக்கு," என்றாள் அங்கம்மா. பிறகு இன்னொரு தடவை, யாருக்கோ சொல்வது போல, "கீழதான் இருக்கு," என்றாள். அப்புறம்தான் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மழையாகவும் இருக்கலாம், கூரை ஒழுகுகிற ஜீப்தான் அது.

பதுளை ஆஸ்பத்திரியில் கந்தப்பன் எப்போதும் உள்ளே போகமாட்டான். வெளியே நின்று ஜீப்பின் முன்விளக்கைச் சேலைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பான். சேதி வரும்வரை துடைப்பான். அன்று மழையில் நனைகிற விளக்கை அவன் விடாமல் துடைப்பதைப் பார்த்த ஆஸ்பத்திரி வாசல்காரர், டிரைவருக்கும் டொக்டரைக் காட்ட வேண்டுமோ என்று யோசித்தார். அங்கம்மா படியில் வந்து நின்று, "பொட்டப் புள்ள. கத்துற கத்துல மாட்டுவாகட ஆஸ்பத்திரி வரைக்கும் கேக்குது," என்றாள். கந்தப்பன் தலையை ஆட்டிவிட்டு மற்ற விளக்கையும் துடைத்தான்.

ஜீப் அதற்குப் பிறகு வழியில் நிற்கவில்லை. தூளிக் கம்பைக் கோழிக்கூட்டுக்கு முட்டாக வைத்தார்கள். அடுத்த வருடம் சொன்ன டயர்கள் அதற்கடுத்த வருடம் வந்தன, நாலும் ஒரே அளவில். கம்பி எப்போதாவதுதான் இறுகியது. ஆனால் பாலத்தடி வந்தால் ஜீப் நிற்கும். பிள்ளைத்தாச்சியை மலை பார்க்கத் திருப்புவார்கள். ஜீப் கொஞ்சம் பின்னுக்குப் போகும். மறுபடி முன்னுக்குத் திருப்புவார்கள். மேல்கணக்கில் அது சாஸ்திரமாகிவிட்டது. அப்படிச் செய்தால் சுகப்பிரசவம் என்று, கல்யாணமாகி வந்த புதுப் பெண்களுக்கு மாமியார்கள் சொல்லிக்கொடுத்தார்கள். காரணம் தெரிந்தவர்கள் நாலே பேர். அதில் வாஹித் பதுளையில் இருந்தார், கருப்பம்மாவும் மற்ற இருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் அங்கம்மாவுக்கே நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. கந்தப்பன் ஜீப்பைக் கொண்டுவந்தான். ஜீப்புக்கும் வயதாகிவிட்டது, மீசைக்கும் நரை. பாலத்தடியில் நிறுத்திக் கம்பியை இழுத்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்று பார்த்து இறுகியிருந்தது.

"ஏன்டா நிக்கிற?" என்றாள் அங்கம்மா மூச்சிரைக்க.

"கம்பி, அக்கா."

"பின்னுக்கு எடேன். நான் என்ன புள்ளத்தாச்சியா? திரும்புறதுக்கு உள்ள யாரு இருக்கா?"

கந்தப்பன் கியரைப் போடவில்லை. எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் அவன் முதுகை முறைத்துப் பார்த்துவிட்டு, அங்கம்மா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, முனகிக்கொண்டே, மலை பார்க்கத் திரும்பி உட்கார்ந்தாள்.

"ம். போ," என்றாள்.

இரண்டு வாரத்தில் குணமாகி வந்து, ஜீப் ரொம்பக் குலுக்குகிறது, டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.